கடைசி மூன்று புத்தகங்கள்

கல்லறைத் தோட்டத்தில் மிதித்த பனி வந்தவர்களின் பூட்ஸிலிருந்து தரையில் உருகி ஓட, ரிம்மா தேனும் உலர்ந்த திராட்சையும் கலந்த கோதுமைச் சோற்றை ஆளுக்கு ஒரு கரண்டி வைத்துக்கொண்டு வந்தாள். சாவுச் சாப்பாட்டில் அதைத் தின்ற பிறகுதான் மற்றதைத் தொட வேண்டும். மேசையின் தலைப்பக்கம் அப்பா ரதியோனின் படம். அதன் முன்னால் அவருக்கென்று ஒரு கிளாஸ் வோட்கா, மேலே மூடியாக ஒரு துண்டு கறுப்பு ரொட்டி. நாட்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் காகக் கதை எழுதின மனுஷர். படத்தில்கூட யார் வீட்டுப் பிள்ளையையோ பார்த்துச் சிரிப்பவர் போலத்தான் இருந்தார்.

அடுக்களை வாசலில் தம்பி கிளெப் அவளை மறித்தான்.

"இன்னிக்கு வாயத் திறந்துடாதேக்கா."

"அவர் இருக்கற வரைக்கும் சொல்லமாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன். இப்ப அவர் இல்லியே."

"அப்பா பேரு போச்சுன்னா நம்மகிட்ட வேற என்ன இருக்கு?"

"உனக்கு அப்பா பேரு இருக்கு. எனக்கு?"

பக்கவாதம் வந்து கை விழுந்ததிலிருந்து, ஐந்து வருடமாக அவர் ஒரு வரிகூட யோசிக்கவில்லை. அவர் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள் என்று எல்லோரும் நம்பினார்கள். அதற்குப் பிறகு அவர் பெயரில் வந்த மூன்று புத்தகங்களும் ரிம்மாவுடையவை. முதலாவதை அவர் மனசு உடைந்துவிடக் கூடாதே என்று எழுதினாள். மற்ற இரண்டையும், உண்மையைச் சொன்னால், ஆசைப்பட்டுத்தான் எழுதினாள்.

ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். இறந்தவரைப் பற்றி அங்கே நல்லது மட்டும்தான் பேசலாம். பதிப்பாசிரியர் வாதிம் செம்யோனொவிச்சுக்கு மூன்றாவது கிளாஸிலேயே கண் கலங்கிவிட்டது.

"கடைசி மூணும் இருக்கே! கை விழுந்தப்புறம்தான் மனுஷன் நெஜமாவே எழுத ஆரம்பிச்சாரு. வேற யாரால முடியும்?"

சொன்ன வேகத்தில் தன் கிளாஸை ரிம்மாவின் கிளாஸோடு இடிக்க நீட்டினார். சாவு வீட்டில் கிளாஸ் இடிக்கக் கூடாது. பக்கத்திலிருந்தவர் பதறிப்போய் அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

ரிம்மாவின் முறை வந்தது. எழுந்து நின்றாள். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். கிளெப் தன் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நல்ல அப்பா," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். தன்மேலேயே எரிச்சலாக வந்தது.

எதிரே பக்கத்து வீட்டு உல்யானா, ஏழு வயது, அப்பத்தைத் தின்னாமல் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"ரிம்மா அத்தே, கடைசி புத்தகத்துல காகம் பேக்கரி சிம்னிக்குள்ள போனதோட கதை முடிஞ்சிருச்சு. இப்ப தாத்தா செத்துட்டாரு. இனிமே அது வெளியவே வராதா?"

"ஏன் வராது? மார்ச்சுல வந்துடும். பேக்கரிக்காரன் அடுப்பப் பத்த வெப்பான். இது தும்மிக்கிட்டே வெளிய வந்து அவன்கிட்ட சண்டைக்கு நிக்கும், தூங்கறவங்கள இப்பிடியாய்யா எழுப்பறதுன்னு."

உல்யானா சத்தமாகவே சிரித்துவிட்டாள். யாரும் அவளை அதட்டவில்லை.

வாதிம் செம்யோனொவிச் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, மரியாதையாக அவள் அப்பா பேரையும் சேர்த்துக் கேட்டார்.

"இது எதுல வருது ரிம்மா ரதியோனொவ்னா? அவர் சொல்லிட்டுப் போனதா?"

"இல்ல. நேத்து எனக்குத் தோணிச்சு. இன்னும் நான் எழுதல."

கிளெப் தலையைத் தூக்கவில்லை. ரிம்மா உல்யானாவின் தட்டில் சூடாக இன்னொரு அப்பம் வைத்து, அதன்மேல் புளித்த பாலேட்டை ஊற்றினாள்.