பிச்சாவரத்தில் ஒரு பகலுணவு

எந்த உணவகத்துக்குப் போகலாம் என்று செம்பியன் கேட்கும்போதெல்லாம், புது மனைவி சிந்துஜா, "உங்க இஷ்டம் மாமா" என்றே சொல்லிவந்தாள். இன்று அவன் அவளைக் கடலூரிலிருந்து பிச்சாவரத்துக்கு அழைத்து வந்து, அவளைக் கேட்காமலே இறால் வறுவல் சொல்லிவிட்டான்.

சிறுவயதில் ஒரே ஓர் இறாலைத் தின்று, தொண்டை வீங்கி, அவள் பிழைத்ததே பெரிய பாடாகிவிட்டது. பெண் பார்க்க வந்தபோது, "சீக்காளிப் பொண்ணுன்னு சொல்லிடுவாங்க, வாயத் தொறக்காத" என்று அவள் அம்மா அடக்கிவிட்டாள்.

தட்டு வந்தது. செம்பியன் ஒரு துண்டை எடுத்து அவள் வாயருகே நீட்டினான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வெக்கத்தப் பாரு! ஆ காட்டு."

தின்றால் உயிர் போகலாம். சொன்னால் இந்த வாழ்வே போகலாம்.

"மாமா, இதத் தின்னா எனக்கு மூச்சு நின்னுடும். எங்க வீட்ல மறைச்சிட்டாங்க."

அவன் முகம் வெளிறியது. துண்டைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து போனான். அவ்வளவுதான் என்று எண்ணி அவள் அழத் தொடங்கினாள். அவனோ, கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, கைபேசியை எடுத்தான்.

"அம்மா, நாளைக்கு விருந்துக்கு வாங்கின இறால பக்கத்து வீட்டுக்குக் குடுத்துடு. நம்ம வீட்ல இனிமே அது வேணாம்."