பதினாலாம் நம்பர் நாற்காலி

சேத்தூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருகிற அன்று காலை, அம்மா பங்களாவிலிருந்து நான்கு தேக்கு நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தலையில் சுமந்து வந்தாள். பங்களாவம்மாதான் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். மில் முதலாளியின் பங்களாவுக்கும், தொழிலாளர்களுக்காக மில் கட்டிக்கொடுத்த எங்கள் லைன் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மில் ஓடிய காலத்தில் அம்மாவுக்கு அங்கே கோனில் நூல் சுற்றும் வைண்டிங் வேலை. மூடிய இந்த நான்கு வருடமாகப் பங்களாவில் பாத்திரம் தேய்க்கிறாள். இப்போதெல்லாம் மழை பெய்தால் அவர்கள் மாடியும் எங்கள் ஓட்டைப் போலவே ஒழுகுகிறது.

நான் நாற்காலிகளைத் துடைத்தேன். சாய்மானத்தில் சாக்பீஸால் எண்கள் எழுதியிருந்தன. 11, 12, 13, 14.

"அழிச்சிரவாம்மா?"

"ஏட்டி, தொடாத! எழுதுனவுகதான் அழிக்கணும்."

மில்லில் அப்படித்தான். கோன் வண்டியில் சூப்பர்வைசர் போட்ட எண்ணை அழித்தால் நூல் ரகம் கலந்துபோகும், வேலையும் போகும். மிஷின்களைக் கழற்றி விற்ற பிறகும் அம்மாவுக்கு அந்தப் பயம் விடவில்லை. எரிச்சலோடு எண்களைச் சுற்றித் துடைத்து வைத்தேன்.

பையன், அவன் அக்கா, அம்மா, அப்பா என்று நான்கு பேர் வந்தார்கள். அப்பா கருத்தையா, இஸ்திரி கலையாத கருநீலச் சட்டையில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கைப்பிடியைத் தடவி, "தேக்கு" என்றார் மனைவியிடம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. நான் காப்பி நீட்டியபோது பையன் எழுந்து நின்று வாங்கினான். எனக்கு அவனைப் பிடித்துவிட்டது.

அப்போது கையில் சாமான் பட்டியலோடு ஓர் ஆள் வாசலில் வந்து நின்றான்.

"நாலு சேர் குறையுது, பதினொண்ணுல இருந்து பதினாலு வரைக்கும். லாரி நிக்கி."

அவன் பின்னாலேயே செருப்புகூட இல்லாமல் பங்களாவம்மா ஓடி வந்தார். முப்பது வருடத்தில் அவர் எங்கள் லைனுக்குள் வந்தது அன்றுதான்.

"செத்த நேரம் பொறுப்பா. காப்பி குடிச்சிட்டு எந்திரிக்கட்டும்." பிறகு அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "செல்வி, வீட்ட வித்தாச்சு, சாமானோட. லாரி நாளைக்கின்னுதான் சொன்னாங்க. ஒங்கிட்ட எப்படிச் சொல்லன்னே தெரியல."

"லைன் வீடும் சேத்தாம்மா?" என்றாள் அம்மா.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையாட்டினார். அவரை வெறுக்க நினைத்தேன், முடியவில்லை.

கருத்தையா பாதிக் காப்பியோடு தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். "வாரோம்மா. ஊருக்குப் போயிச் சொல்லிவிடுதோம்." குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் நம்பிக்கை வைத்திருப்பேன். பையன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

லாரிக்காரன் நாற்காலிகளைத் தூக்கினான். சந்தில் போய்க்கொண்டிருந்த கருத்தையாவின் முதுகில், கருநீலத் துணியில், இடம் வலம் மாறிப் பதினாலு வெள்ளையாகப் பதிந்திருந்தது.

"அண்ணே... அண்ணே, செத்த நில்லுங்க!" அம்மா ஈரத்துணியோடு பின்னால் ஓடினாள்.

கெஞ்ச வருகிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் திரும்பாமல் நடையை எட்டிப் போட்டார். பங்களாச் சுவரை ஒட்டியே போய் முக்கில் திரும்பும்வரை அந்த எண் தெரிந்தது. அம்மா துணியைப் பிடித்தபடி சந்தின் நடுவில் நின்றாள்.