பிந்தி வந்த படம்

குற்றாலம் ரோட்டில், மேலகரம் தாண்டி, நிர்மலாதேவியின் நர்சரி இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியம் செல்போனை ஸ்டாண்டில் மாட்டி லைவில் செடி விற்பாள். ஒவ்வொரு ரகத்திலும் ஒரே தொட்டிதான் வைப்பாள். அதைத் தூக்கிக் காட்டியதும் யார் முதலில் 'எனக்கு' என்று எழுதுகிறார்களோ, செடி அவர்களுக்கு. கமெண்டுகளைப் பார்த்து முதல் பெயரைச் சொல்வது அவள் நாத்தனார் சங்கரேஸ்வரி. கீழப்பாவூரிலிருந்து பஸ் ஏறி வந்து, தொட்டிகளை மேஜையில் வரிசையாக அடுக்குவதும் அவள்தான்.

சாரல் தொடங்கி, அருவிக்குக் கூட்டம் வர ஆரம்பித்ததும் வில்லங்கம் முளைத்தது. லைவ் தொடங்கும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கும். போகப் போக ஜனங்கள் பிந்தி எழுதினார்கள். ஆர்க்கிட்டை விற்று, அடுத்து அந்தூரியத்தையும் விற்ற பிறகு, 'ஆர்க்கிட் எனக்கு' என்று வரிசையாக வந்து விழும். ஒருத்தருக்கு மட்டும் பிந்தவே இல்லை. 'முருகு தோட்டம்' என்ற பெயரில் வருகிறவர். தொட்டியைத் தூக்கிய கையோடு அவருடைய 'எனக்கு' வந்துவிடும்.

"என் ஸ்கிரீன்ல நீங்க தொட்டியைத் தொடவே இல்ல. அதுக்குள்ள அவங்க எழுதியாச்சு. முன்கூட்டியே சொல்லிருதீங்களோ?" என்று ஒருவர் கேட்டார். அதற்குக் கீழே ஏழெட்டுப் பேர் ஆமாம் போட்டார்கள்.

நிர்மலாவுக்கு முகம் சுண்டிப்போனது. அடுத்து எந்தத் தொட்டி என்பது அடுக்கி வைத்தவளுக்குத்தானே தெரியும்? முருகு தோட்டத்துக்குப் பார்சல் போகும் ஊர் ஆலங்குளம். கீழப்பாவூரிலிருந்து எட்டிப்பிடிக்கிற தூரம்.

"ஏட்டி, இந்த முருகு யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எப்படி மதினி தெரியும்?"

சொல்லிவிட்டு சங்கரேஸ்வரி தன் போனைக் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகு நிர்மலா அவளைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். லைவ் நடக்கும்போது சங்கரேஸ்வரி அந்தப் போனில் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள். நிர்மலா கிட்டே போனால் கவிழ்த்தாள்.

அடுத்த ஞாயிறுக்கு, "இந்த வாரம் வர வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள் நிர்மலா. சனிக்கிழமையே தானே அடுக்கினாள், மறுநாள் தானே வாசித்தாள். அன்றைக்கும் முருகு தோட்டம்தான் முதலில் எழுதியது. சந்தேகத்துக்கு வழி தெரியாமலா போகும்? முந்தின நாள் சாயங்காலம் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்த சங்கரேஸ்வரி மேஜையை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தானே போனாள்! லைவை அப்படியே நிறுத்தி, சங்கரேஸ்வரிக்குப் போன் போட்டாள்.

"யாருட்டி அந்த முருகு? இப்பமே சொல்லு. என் பொழைப்புல மண்ணள்ளிப் போடுதியா?"

அந்தப் பக்கம் பின்னால் டிவி சத்தம் கேட்டது. "அடுத்தது மங்குஸ்தான் கன்னு, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு..." நிர்மலாவின் சொந்தக் குரல். மங்குஸ்தான் விற்றுப்போய், அதற்கப்புறம் மூன்று தொட்டிகள் கைமாறியிருந்தன.

"மதினி," என்றாள் சங்கரேஸ்வரி மெதுவாக, "லைவ்ல நின்னுக்கிட்டே எப்படிப் போன் பேசுதீங்க?"

"நான் நிறுத்தியாச்சே."

"இங்கன டிவியில நீங்க மங்குஸ்தானைத் தூக்கிக்கிட்டுல்லா நிக்கீங்க."

நிர்மலா லைவை மறுபடி போட்டு, கேமராவுக்கு முன்னால் சுவர்க்கடிகாரத்தைச் சாய்த்து வைத்தாள். சங்கரேஸ்வரி தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுச் சொல்லிக்கொண்டே வந்தாள். முதலில் சில நொடிகள்தான் வித்தியாசம். ரோட்டில் அருவிக்குப் போகும் வேன்கள் வரிசைகட்டி நின்றன. அத்தனை பேர் போனுக்கும் அதே டவர்தான். நிர்மலாவின் சிக்னல் அடிக்கடி திணறியது. அப்போதெல்லாம் டிவியில் படம் உறைந்து நின்றது.

"நின்ன இடத்துல இருந்துதான் மதினி திரும்ப ஓடுது. நின்ன நேரம் பூரா பாக்கி விழுந்துக்கிட்டே போவுது."

"லைவை விட்டு வெளிய வந்து திரும்ப உள்ள போ, பாப்போம்."

போனாள். கடிகாரங்கள் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன.

நிர்மலா, முருகு தோட்டத்திடம் பார்சலுக்காக வாங்கியிருந்த நம்பருக்கு அழைத்தாள். எடுத்தது முருகம்மாள் என்ற பெண். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தாள். "எம் போனு பழசு தாயி. படம் நின்னா நின்னதுதான், தானா ஓடாது. அதனால மூடி மூடித் தொறப்பேன். அதுக்கு இம்புட்டு ரகளையா?"

மறுநாள் நிர்மலா கீழப்பாவூருக்குப் போனாள். சங்கரேஸ்வரி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள், உட்காரவில்லை.

"தப்பு எம்மேலதான் சங்கரி. அந்தப் போனை நீ கவுத்து வைக்கவும் எனக்கு மனசுல என்னவோ ஆயிட்டு."

"உங்களை அசிங்கமா ஏசி எழுதுனாங்க மதினி. ஒவ்வொண்ணா அழிச்சுக்கிட்டு இருந்தேன். உங்க கண்ணுல பட்டா லைவ்ல அழுதிருவீங்கன்னு கவுத்தேன்."

நிர்மலா தண்ணீரைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

நர்சரிக்குக் கேபிள் வழியாக நெட் இழுத்தார்கள். ஒவ்வொரு தொட்டிக்கும் முன்னால், "எல்லாரும் ஒரு தடவை வெளிய போய்ட்டு வாங்க" என்று சொல்லி, கொஞ்சம் பொறுத்துத்தான் இப்போது தூக்குகிறாள். நடந்ததை லைவிலேயே விளக்கிச் சொன்னாள். பாதிப் பேர் நம்பினார்கள். "நல்லா கதை விடுதீங்க" என்று எழுதிவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஆடி பிறந்த பிறகு ஒருநாள் சங்கரேஸ்வரி வந்தாள். தொட்டிகளைத் துடைத்தாள், பார்சல் கட்டினாள். லைவ் தொடங்கும் நேரத்துக்கு நிர்மலா அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"நீங்களே வாசியுங்க மதினி. நான் பின்னால நின்னு எடுத்துத் தாரேன்."

நிர்மலா வற்புறுத்தவில்லை. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பெயர்களைத் தட்டுத்தடுமாறி வாசிக்கத் தொடங்கினாள்.