சாகாதவளுடைய செத்தவீடு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை பிறந்தது ஒரு வாளி பசையில். பிரதீபன் என்ற பொடியன் தொலைக்காட்சிக்கு ஒரு துப்பறியும் தொடர் எடுக்கிறான். எழுதுகிறவள் நான். வாராவாரம் ஒரு கொலை கேட்பான். நானும் வட்டக்கச்சியில் என் குசினியில், அடுப்புக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தபடியே யாரையாவது கொன்று அனுப்புவேன். இன்ஸ்பெக்டர் கதிர்காமநாதன் வந்து கண்டுபிடிப்பார். இந்த வாரம் சாகவேண்டியவள் ஓர் ஓட்டக்காரி.

2

"பனி விலகாத அந்தக் காலையில், மைதானத்தின் வெள்ளைக் கோட்டின் மேல் லக்சிகா விழுந்து கி—"

(வெட்டிவிட்டேன். கிளிநொச்சியில் ஆவணி மாதம் எங்கே பனி? புழுதிதான்.)

"முந்தி ஓடுகிறவளுக்கு எதிரிகள்—"

(இதுவும் வேண்டாம். தத்துவம் பேசினால் பிரதீபன் பக்கத்தைப் புரட்டிவிடுவான்.)

உண்மை என்னவென்றால் லக்சிகாவை எனக்குத் தெரியாது. அதனால் இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் யதுர்ஷிகாவிடமிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். ஓடுமுன் தன் இரண்டு கன்னத்திலும் தானே பளார் பளாரென்று அறைவது, வென்றாலும் தோற்றாலும் கெக்கட்டம் விட்டுச் சிரிப்பது, எல்லாம் அவளுடையவை. பிரதீபன் ஒரு படி மேலே போய் அவளையே பிணமாக நடிக்கக் கூப்பிட்டான்.

"படுத்திருக்கிறதுதானே அன்ரி, சுகமான வேலை" என்றாள் யது. தாயிடம் பயிற்சி என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சுகமா? காலைப் பயிற்சி முடித்து வந்தவளுக்கு நெஞ்சு ஏறி இறங்குகிறது. "பிணம் மூச்சு வாங்குது, கட்!" என்று பிரதீபன் கத்துவான். பிணம் எழும்பி விழுந்து விழுந்து சிரிக்கும். அடுத்த நாள் அவளுக்கு மாகாணப் போட்டி, ஆயிரத்தைந்நூறு மீற்றர். வென்றால் தேசியப் போட்டிக்குப் போகலாம். அந்தப் பிள்ளை வேறொன்றையும் நினைத்து நான் கண்டதில்லை.

3

அந்தப் படப்பிடிப்பு நாள் காலை, இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கும் காட்சிக்காக எங்கள் சந்தி லைட் கம்பத்தில் ஒரு வாளி பசை பூசிக் கண்ணீர் அஞ்சலி நோட்டீஸ் ஒட்டினார்கள். பெயர் லக்சிகா. படம் யதுர்ஷிகா. காட்சி முடிந்ததும் எல்லாரும் மைதானத்துக்குப் போய்விட்டோம். நோட்டீஸ் கம்பத்திலேயே நின்றது.

பெயரை யார் வாசிக்கிறார்கள்? முகத்தைப் பார்த்தார்கள், போதும். போன் அடித்தும் பார்த்தார்களாம். பிணத்தின் பொக்கற்றில் போன் அடித்தால் காட்சி கெட்டுவிடும் என்று பிரதீபன் எல்லாருடைய போனையும் வாங்கி அணைத்து வைத்திருந்தான், கெட்டிக்காரன்!

4

(இதை நான் கண்ணால் காணவில்லை. யதுவின் தாய் விமலேஸ்வரி, எனக்கு விமலாக்கா, சொன்னது எது, நான் கூட்டியது எது என்று கேட்காதீர்கள்.)

விமலாக்கா கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். படலையைத் திறந்துகொண்டு பெண்கள் கையை விரித்து அழுதபடி வந்தார்கள். அப்படி வருகிறவர்களைத் தள்ளிவிட்டு "ஆர் செத்தது?" என்று கேட்கிற பழக்கம் எங்களிடம் கிடையாது. முதலில் அழுகை, பிறகுதான் விசாரணை. விமலாக்காவும் கத்தரிக்காய்க் கையோடு கட்டிப்பிடித்து அழுதார். அதற்குள் சனசமூக நிலையத்துப் பொடியள் கதிரை இறக்கிவிட்டார்கள். பந்தல் எழும்பிவிட்டது. அயல் வீட்டிலிருந்து தேத்தண்ணி வந்துவிட்டது. புதுக்குடியிருப்பிலிருந்து யதுவின் பெரியம்மா பஸ் பிடித்தே வந்துவிட்டார்.

பந்தல் தன் முற்றத்தில் நிற்பதைக் கண்ட பிறகுதான் விமலாக்கா கேட்டார்: "ஆர்?"

"உன்ர யது."

விமலாக்கா நிலத்தில் இரு—

விமலாக்காவின் கை—

என்னால் ஏலாது. அந்த நேரம் ஒரு தாய்க்குள் என்ன நடக்கும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. தாண்டிப் போவோம். நல்ல இடம் வருகிறது.

கூட்டத்தில் தயாபரனும் இருந்தான். நோட்டீஸை அச்சடித்தவன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தான், கிளாஸை வைத்தான், எழும்பினான், விமலாக்காவைப் பார்த்துச் சொன்னான்: "அக்கா, போட்டு வாறன்."*

விமலாக்காவின் அழுகை சட்டென்று நின்றது.

"நில்லடா! செத்தவீட்டில ஆரும் போட்டு வாறனெண்டு சொல்லுவினமே? என்ர பிள்ளை சாகேல்ல, என்ன? உனக்குத் தெரியும், சொல்லு!"

"ஐயோ அக்கா, இது படப்பிடிப்பெல்லோ? எல்லாரும் திறமா நடிக்கிறியள், குழப்பக்கூடாதெண்டு பேசாமல் இருந்தனான். யது அங்க மைதானத்தில செத்துச் செத்து எழும்பிக்கொண்டு நிக்குது."

என் இன்ஸ்பெக்டருக்கு ஒரு முழு அத்தியாயம் எடுக்கும். விமலாக்காவுக்கு ஒரு வார்த்தை போதுமாக இருந்தது.

* வெளியூர் வாசகருக்கு: செத்தவீட்டிலிருந்து போகும்போது "போட்டு வாறன்", அதாவது போய்விட்டு வருகிறேன், என்று சொல்லக்கூடாது. அந்த வீட்டுக்கு இன்னொரு சாவுக்கு வருவேன் என்று சொன்னதாகிவிடும். பேசாமல் எழும்பிப் போய்விட வேண்டும்.

5

சரியாக அந்த நேரம் யதுவும் நானும் ஸ்கூட்டியில் வந்து இறங்கினோம், அவள் தலையில் சிவப்புச் சாயம் வழிய. பெரியம்மா போட்ட சத்தம் கனகராயன்குளம் வரை கேட்டிருக்கும். பிறகு ஒரே சிரிப்பு, கட்டிப்பிடிப்பு, இன்னொரு சுற்றுத் தேத்தண்ணி.

செத்தவீட்டிலிருந்து சொல்லாமல் போவது வழக்கம். சாகாதவளுடைய செத்தவீட்டிலிருந்து எப்படிப் போவது? ஒருவருக்கும் தெரியவில்லை. வெட்கத்தோடு பேசாமல் எழும்பிப் போனார்கள்.

விமலாக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நாளைக்கு நீ ஓடேல்ல."

"அம்மா!"

"அவ்வளவு சனமும் சொல்லாமல் போட்டுதுகள். உன்னைச் செத்தவளாய் விட்டிட்டுப் போட்டுதுகள். இப்பிடியே உன்னைப் படலை தாண்ட விடமாட்டன்."

எப்போதும் சிரிக்கிற யது அழுதாள். கொன்றவள் நான்தானே? கதையை மாற்றுகிறேன் என்று விமலாக்காவின் காலடியில் குந்திவிட்டேன்.

முடிவு அ: செத்தது லக்சிகாவின் இரட்டைச் சகோதரி.

"நான் ஒண்டைத்தான் பெத்தனான்."

முடிவு ஆ: எல்லாம் கனவு.

"ரீவியை நிப்பாட்டிப்போடுவன்."

முடிவு இ: பதக்கத்தை நெஞ்சோடு அணைத்தபடி அழகாகச் சா—

விமலாக்கா கத்தரிக்காய்க் கத்தியை எடுத்தார்.

"விசர்க்கதை கதையாதை தங்கச்சி. அந்தச் சனத்தைக் கூட்டினது நீ, அதுகளைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வா. வந்து சொல்லிப்போட்டுப் போகட்டும்."

6

பின்னேரம் முழுக்க நானும் பிரதீபனும் படலை படலையாக ஏறி இறங்கினோம். "நாளைக்குக் காலமை ஒருக்கா வந்து சொல்லிப்போட்டுப் போங்கோ." ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. நேற்று வரையில் நான் இந்த ஊரை வைத்துக் கொலைக்கதை எழுதியவள், எனக்கே வெட்கமாயிருந்தது.

விடிய ஒழுங்கை நிரம்பிவிட்டது. பெரியம்மா முதல் பஸ்ஸிலேயே திரும்பி வந்துவிட்டார். ஒவ்வொருவராக யதுவின் கையைப் பிடித்து, "பிள்ளை, போட்டு வாறன்."

"ஓம், வாங்கோ!" என்றாள் அவள், பல்லெல்லாம் தெரிய.

சொன்னவர்கள் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே ஒழுங்கையில் நின்ற ட்ரக்டரின் பெட்டியில் ஏறி இருந்துகொண்டார்கள், மைதானத்துக்கு. யது கடைசியாகத் தாயிடம் வந்தாள்.

"அம்மா, போட்டு வாறன்."

"வா, என்ர குஞ்சு" என்றார் விமலாக்கா. சொன்ன கையோடு தானும் பெட்டியில் ஏறிவிட்டார்.

7

தொடரின் முடிவை மாற்றிவிட்டேன். லக்சிகா சாகவில்லை, போட்டிக்கு முன் கடத்தப்பட்டிருக்கிறாள். அவள் செத்துவிட்டாளென்று ஊர் கூடிய செத்தவீட்டில், கடத்தியவன் "போட்டு வாறன்" என்கிறான். பிடிப்பது தாய். இன்ஸ்பெக்டர் கதிர்காமநாதன் பின்னால் நின்று தேத்தண்ணி குடிக்கிறார்.

"கொலையில்லாமல் என்னக்கா துப்பறிவு?" என்கிறான் பிரதீபன்.

"பேசாமல் எடு" என்றேன்.

யது? கன்னத்தில் இரண்டு அறை. வெடி. புழுதி. கடைசி வளைவில் அவளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர். அவள் வெளிப்பக்கமாக விலகி, வேகத்தைக் கூட்டி—

இதில் நிறுத்துகிறேன். ஒருதரம் அவளுக்கு முடிவு எழுதிப் பட்டது போதும். மிச்ச ஓட்டம் உங்கள் கையில், விருப்பம்போல ஓடவிடுங்கள். ஒன்றை மட்டும் கேட்கிறேன். இந்தக் கதையை விட்டு எழும்பும்போது பேசாமல் போய்விடாதீர்கள். இங்கே ஒருவரும் சாகவில்லை. விமலாக்கா பார்த்துக்கொண்டு நிற்கிறார், சொல்லிவிட்டுப் போங்கள்.