இடதுபக்கச் சக்கரம்

நட்டு அசையவில்லை. யூசுப் ஸ்பேனரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, காலை டிரெய்லரின் சட்டத்தில் முட்டுக்கொடுத்து மறுபடியும் இழுத்தார். ஸ்பேனர் வழுக்கி முழங்காலில் அடித்ததுதான் மிச்சம். மலாக்காவில் பதினெட்டு வருடம் மல்லும் சீட்டியும் கிழித்து விற்ற கை அது. துணி வரத்து நின்று, கடையில் வெறும் பலகைகள் மிஞ்சியபிறகு, மனைவி சுல்தானாவின் தம்பி அலாவுதீனுடைய பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தார். ஒன்றரை வருடமாகியும் இரும்புக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை.

"மச்சான், எந்தப் பக்கத்து வீலு?"

சன்னலுக்குள்ளிருந்து அலாவுதீன்தான் கேட்டான். மூன்று வாரமாக அவன் சன்னலை ஒட்டிய பலகைக் கட்டிலில் கிடக்கிறான். மரவள்ளிக்கிழங்கையே தின்று கால் இரண்டும் வீங்கி, வீக்கம் இப்போது மார்புவரை ஏறியிருந்தது. முப்பத்தாறு வயது.

"எடது பக்கம். துருப்புடிச்சு உசுர வாங்குது. நீ பேசாம படு மாப்புள்ள."

"இறுக்குறதுக்கு எப்புடித் திருப்புவீங்களோ, அப்புடித் திருப்புங்க."

காய்ச்சலில் உளறுகிறான் என்றுதான் யூசுப் நினைத்தார். ஆனாலும் மனம் கோணக்கூடாதென்று ஸ்பேனரை மாற்றிப் போட்டு இழுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். நட்டு சுழன்றது.

"வந்துருச்சுப்பா!"

"வரும். வெள்ளைக்காரன் பட்டாளத்து வண்டி. ஓடுற ஓட்டத்துல கழலக்கூடாதுன்னு எடது பக்கத்துக்கு மரைய தலைகீழா வெட்டியிருக்கான்." அலாவுதீன் மூச்சு வாங்கினான். "கொண்டாந்து போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியும்."

தெரியும் என்ற சொல்லைக் கேட்டதும் யூசுப் ஸ்பேனரைக் கீழே வைத்தார். தெருவை ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

வெள்ளைக்காரர்கள் சிங்கப்பூரைப் பார்த்து ஓடியபோது ரப்பர் தோட்டத்துச் சேற்றில் விட்டுப்போன இரண்டு சக்கர டிரெய்லர் அது. இரண்டு வருடம் சேற்றில் ஊறியதை ஜப்பான்காரர்கள் இழுத்துவந்து, எட்டு நாளுக்கு முன்னால் காஜா பேராங் பகுதியில் இந்தப் பட்டறை வாசலில் போட்டார்கள். இன்று, வியாழக்கிழமை, ஜப்பான்காரர்கள் ஊருக்கே மாற்றிவைத்த டோக்கியோ மணிப்படி நான்குக்குள் ஓடவேண்டும். வெள்ளைக்காரர்களிலும் எந்த நாட்டுப் பட்டாளத்து வண்டி, என்ன வகை என்பதையும் சொல்லவேண்டும். அடையாளத் தகட்டை யாரோ பெயர்த்திருந்தார்கள்.

ஓடவைக்காவிட்டால் உதை. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அடையாளம் சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்பது போன மாதம்தான் தெரிந்தது. அடுத்த தெரு பொன்னுதுரை ஒரு கியர்பெட்டியைத் தொட்டுப் பார்த்தே இன்ன வண்டியுடையது என்று சொன்னார். சிப்பாய்கள் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே லாரியில் ஏற்றி, போனவர் யாரும் திரும்பாத சயாம் ரயில்பாதைக்கு அனுப்பிவிட்டார்கள், அங்கே வேலை தெரிந்த ஆள் வேண்டுமாம். அவர் மனைவி சந்திரமதி இன்னும் வருகிற போகிற லாரியையெல்லாம் நிறுத்தப் பார்க்கிறாள்.

"மச்சான், இங்க வாங்க."

யூசுப் சன்னலருகே போனார். அலாவுதீனின் உதடு நீலம் பூத்திருந்தது.

"இந்த வேலைய முழுக்கச் செஞ்சது நான். பேரிங்கு மாட்டுனது, கிரீஸ் அடைச்சது, எல்லாம் நான். உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்கு நெசமாவே ஒண்ணும் தெரியாதுப்பா."

"இப்பத் தெரிஞ்சுபோச்சே." அலாவுதீன் சிரிக்கப் பார்த்தான். "என்னைக் கொண்டுபோனா தம்பின் டேசன் தாண்டுறதுக்குள்ள உசுரு போயிரும். அவனுக்குத்தான் நட்டம். உங்களுக்கு மூணு புள்ள இருக்கு."

யூசுப் திரும்பிச் சக்கரத்துக்குப் போனார். வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும் என்று பிறகு தோன்றியது. அந்த நேரத்தில் அவர் மனதுக்குள் வந்தது ஒரு நிம்மதி. சனியன் பிடித்த நிம்மதி.

அச்சிலிருந்து சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கின் துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தபோது அலாவுதீனின் மனைவி அஸ்மா வாசலுக்கு வந்து நின்றாள். முக்காட்டைப் பல்லில் கடித்திருந்தாள். கேட்கத் தேவையிருக்கவில்லை. மணி பத்துகூட ஆகவில்லை.

யூசுப் உள்ளே போய் அலாவுதீனின் கண்களை மூடினார். 'இன்னா லில்லாஹி' என்று உதட்டுக்குள்ளேயே சொன்னார். அடுப்படியிலிருந்து ஓடிவந்த சுல்தானா தம்பியைப் பார்த்ததும் வாயைத் திறந்தாள். யூசுப் பாய்ந்து அந்த வாயைப் பொத்தினார்.

"அழுவாத. நாலு மணி வரைக்கும் சத்தம் வெளிய போகக்கூடாது."

அவள் அவர் கையைப் பிய்த்து எறிந்தாள். கன்னத்தில் ஐந்து விரலும் கறுப்பாகப் பதிந்திருந்தது. "என் தம்பி அவன்! கூடப்பொறந்தவனுக்கு அழுறதுக்கும் ஜப்பான்காரன்கிட்ட நேரம் கேக்கணுமா?"

"சக்கரம் அங்க கழண்டு கெடக்கு. காலையிலயே மவுத்தாயிட்டான்னு தெரிஞ்சா, அத மாட்டுனது யாருன்னு கேப்பான். என்ன சொல்லுவ?"

சுல்தானா வாசலில் குப்புறக் கிடந்த சக்கரத்தைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை யூசுப்பால் தாங்க முடியவில்லை.

"அவுக சொல்லிட்டுப் போனபடியே செய்யுங்க காக்கா," என்றாள் அஸ்மா; யூசுப் அவளுக்கு அண்ணன் முறை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

யூசுப் வெளியே போய் வேலையைத் தொடர்ந்தார். ஒரு மனிதன் உள்ளே மய்யித்தாகக் கிடக்கும்போது, வெளியே பேரிங்கின் உருளைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பது எவ்வளவு கேவலமாக இருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டார். வேலிக்கு அந்தப்பக்கத்திலிருந்து செட்டிக் கம்போங் குடியிருப்பைச் சேர்ந்த அப்பு தலையை நீட்டினார். பல தலைமுறையாக மலாக்காவிலேயே இருந்துவிட்ட வம்சம், அவருக்குத் தமிழ் வராது, வீட்டில் பேசுவதும் மலாய்தான்.

"மாச்சாம் மானா டியா?" எப்படி இருக்கிறான் என்று கேட்டார்.

"திடோர்," என்றார் யூசுப். தூங்குகிறான்.

அப்பு அலாவுதீனின் வீட்டுப் பக்கம் காது கொடுத்தார். அந்த வீட்டில் மூன்று வாரமாக ஓயாமல் கேட்ட இருமல் கேட்கவில்லை. தலையை இழுத்துக்கொண்டார்.

மத்தியானம் லுஹர் பாங்கு சொல்லும் நேரத்துக்குச் சக்கரம் ஏறிவிட்டது. இடதுபக்க நட்டைத் தலைகீழாகத் திருப்பி இறுக்கி, கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சத்தமில்லாமல் சுற்றியது. வாழ்க்கையில் முதன்முறையாக அவர் கையால் ஒரு இரும்பு வேலை ஒழுங்காக முடிந்திருந்தது. யாரிடம் சொல்லிக்கொள்வது?

பிறகு ஜப்பான்காரர்கள் கொடுத்த டப்பாவிலிருந்து ஒரு பிடி கறுத்த கிரீஸை வழித்துக்கொண்டு உள்ளே போனார். கட்டிலில் உட்கார்ந்து அலாவுதீனின் வலதுகையை எடுத்து மடியில் வைத்தார். படுக்கையில் கிடந்த மூன்று வாரத்தில் அந்தக் கை வெளுத்துப்போயிருந்தது. பட்டறைக்காரனின் கைபோல இல்லை. உள்ளங்கையில், விரலிடுக்கில், நகக்கண்ணில் எல்லாம் கிரீஸை அழுத்தித் தேய்த்தார், பிறகு இடதுகையிலும். விரல்கள் விறைக்கத் தொடங்கியிருந்தன.

"பொறுத்துக்க மாப்புள்ள," என்றார். சுல்தானா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

இனி அவர் தன் கையைக் கழுவவேண்டும். சாம்பலைப் போட்டுத் தேய்த்தும் கறுப்பு நகர்ந்து நகர்ந்து பரவியதே தவிரப் போகவில்லை. மண்ணெண்ணெயைக் கண்ணால் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. அஸ்மா எழுந்து அலமாரியைத் திறந்து, ஒரு துணி முடிச்சை அவிழ்த்து, கட்டைவிரல் அளவுக்குத் தேய்ந்த ஒரு சோப்புத் துண்டை நீட்டினாள்.

"இத எங்க வச்சிருந்தம்மா? யாருக்கு?"

அஸ்மா கட்டிலைப் பார்த்தாள்.

யூசுப் வாங்கிக்கொண்டார். கிணற்றடியில் உட்கார்ந்து, மய்யித்தைக் குளிப்பாட்ட அவள் ஒளித்துவைத்திருந்த சோப்பைத் தன் கைக்கு முழுக்கத் தேய்த்துக் கரைத்தார். கை வெளுத்தது. துணிக்கடைக்காரனின் கை திரும்ப வந்தது. அதைப் பார்க்க அவருக்கே அருவருப்பாக இருந்தது.

நான்குக்கு லாரி வந்தது. ஒரு சிப்பாயும், ஜப்பானியர் வண்டிப் பட்டறையில் மொழிபெயர்ப்பாளராகவும் குமாஸ்தாவாகவும் இருக்கும் கிராணி கணேசமூர்த்தியும் இறங்கினார்கள். யூசுப் இடுப்பு வளைய வணங்கினார். சிப்பாய் இரண்டு சக்கரத்தையும் சுற்றிப் பார்த்தான். கொக்கியை ஆட்டிப் பார்த்தான். திருப்தி என்பதுபோல ஒரு உறுமல்.

"யார் செஞ்சதுன்னு கேக்குறார்," என்றார் கணேசமூர்த்தி.

"எங்க மாப்புள்ள அலாவுதீன்ங்க. மத்தியானம்தான் கடைசி நட்ட இறுக்குனாரு. வந்து படுத்தாரு, அப்புடியே மூச்சு நின்னுருச்சு."

"எந்த ஊர் வண்டின்னு கண்டுபிடிச்சாரா?"

"அவருக்குத் தெரிஞ்சிருக்கும்ங்க. எங்கிட்ட சொல்லல. நான் துணிக்கடைக்காரன்." யூசுப் கையை விரித்துக் காட்டினார்.

சிப்பாய் பூட்ஸோடு உள்ளே போனான். கணேசமூர்த்தி பின்னால் போனார். சிப்பாய் கையிலிருந்த பிரம்பால் போர்வையை விலக்கி, கறுத்த கைகளைப் பார்த்தான். கணேசமூர்த்தி குனிந்து அலாவுதீனின் மணிக்கட்டைத் தொட்டார். மத்தியானம் இறந்தவனின் கை அவ்வளவு விறைப்பாக இருக்காது. அவர் நிமிர்ந்து யூசுப்பின் முகத்தைப் பார்த்தார். கணேசமூர்த்தி சிப்பாயிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ இரண்டு வார்த்தை சொல்லிப் போர்வையை இழுத்து மூடினார்.

வெளியே வந்த சிப்பாய் ஸ்பேனரை எடுத்து யூசுப்பின் காலடியில் போட்டான். இடதுபக்கச் சக்கரத்தைக் காட்டினான்.

"அந்த நட்ட நீங்க கழட்டணுமாம்," என்றார் கணேசமூர்த்தி.

யூசுப் குனிந்து ஸ்பேனரை மாட்டினார். வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் இழுத்தால் வரும். கை அந்தப்பக்கம் போகத்தான் பார்த்தது, காலையில் அப்படித்தான் கழற்றியிருந்தது. அவர் கையைப் பிடித்து நிறுத்தி, உலகத்திலுள்ள எல்லா நட்டையும் கழற்றுகிற திசையில் இழுத்தார். நட்டு இன்னும் இறுகியது. மறுபடி இழுத்தார். குரல்விட்டு முனகினார். ஸ்பேனர் வழுக்கி மல்லாந்து விழுந்தார், அது நடிப்பில்லை.

சிப்பாய் சிரித்தான். பூட்ஸ் நுனியால் அவர் விலாவில் ஒன்று வைத்துவிட்டு, டிரெய்லரை லாரியில் மாட்டச் சொன்னான். கணேசமூர்த்தி ஏட்டில் ஒரு பெயரை அடித்துவிட்டு ஏறும்போது, யூசுப்பைப் பார்க்காமலே சொன்னார்: "தோட்டத்துக்குள்ள இன்னொரு வண்டி எடுக்கணும். திரும்பி இதே ரோட்டுலதான் வருவோம்."

லாரி மறைந்ததும் யூசுப் உள்ளே போய், "இப்ப அழு," என்றார். சுல்தானாவுக்கு அழுகை வரவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். அதைப் பார்த்துத்தான் யூசுப் அழுதார்.

பள்ளிவாசல் லெப்பை அப்துல் அஜீஸ் வந்ததும் கொல்லையில் கைலிகளைக் கட்டி மறைத்து, பலகை போட்டு, மய்யித்தைக் கிடத்தினார்கள். மற்ற சொந்தமெல்லாம் கடலுக்கு அந்தப்பக்கம், ஊரில். குளிப்பாட்ட யூசுப் மட்டும்தான். லெப்பை முதல் தண்ணீரை ஊற்றினார். அலாவுதீனின் கைகளில் தண்ணீர் ஒட்டாமல் முத்து முத்தாக உருண்டு ஓடியது.

"என்ன யூசுப் இது? தண்ணி தோலுல படலியே. இப்புடி விட்டா குளிப்பு நெறவேறாது. சோப்பு கொண்டாங்க."

"இல்ல."

"ஒரு துண்டு சோப்புகூடவா இல்ல?"

"இருந்துச்சு. அதுல என் கையக் கழுவிட்டேன்."

வேலிக்கு மேலாக ஒரு கை நீண்டது. அப்பு ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறைய சலித்த சாம்பலும் நான்கு எலுமிச்சையும் வைத்துவிட்டுப் போனார்.

யூசுப் உட்கார்ந்து தேய்த்தார். கிரீஸ் எவ்வளவு பிடிவாதமானது என்று ஒரு பட்டறைக்காரனுக்குத் தெரிந்திருக்கும், இவ்வளவு அள்ளிப் பூசியிருக்கமாட்டான். தேங்காய் நாரால் பலமாகத் தேய்த்தால் தோல் உரிந்துவிடும் என்று பயமாக இருந்தது. மெல்லத் தேய்த்தால் போகவில்லை. ஈர்க்குச்சியை முறித்து ஒவ்வொரு நகக்கண்ணாகச் சுரண்டினார். விறைத்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி விரித்தார். சின்ன வயதில் இந்தக் கையால் பிடித்துத்தான் இவன் தன் லாத்தா சுல்தானாவைக் கொண்டுவந்து கல்யாணப் பந்தலில் விட்டான்.

"அசர் தொழுகைக்கு நேரம் ஆகுது," என்றார் லெப்பை. "முடிஞ்சவரைக்கும் எடுத்தாச்சு. அல்லாஹ் பொறுத்துக்குவான்."

"இன்னும் ரெண்டு வெரல் இருக்கு."

எட்டாவது விரலும் ஒன்பதாவது விரலும் வெளுத்தன. பத்தாவது விரலில் இருந்தபோது தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்டது. பின்னால் ஏதோ கடகடவென்று இழுபட்டு வந்தது. யூசுப் தன் கைகளைப் பார்த்தார். மணிக்கட்டுவரை கறுப்பு.

சத்தம் வேலிக்கு நேராக வந்தது. அவர் இரண்டு கைகளையும் பக்கத்தில் கடைசிக் குளிப்புக்கு வைத்திருந்த வாளிக்குள் முழங்கைவரை அமிழ்த்தினார்.

லாரி போய்விட்டது. லெப்பை கடைசித் தண்ணீருக்காகக் கையை நீட்டினார். யூசுப் வாளியிலிருந்து கையை எடுக்கவில்லை.