முப்பத்தெட்டாம் கட்டு

முகம் கழுவிக்கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுக் கூடத்திலிருந்து எழுந்துபோனவள், படிப்பறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு அலமாரியைக் குடைந்துகொண்டிருந்தாள். பன்னிரண்டு மணிக்கு இரண்டு வண்டிகள் வருகின்றன. ஒன்று, கூடத்தில் கிடத்தியிருக்கும் கணவருக்கு. இன்னொன்று, அவர் சேர்த்துவைத்த பழைய கடிதங்களுக்கு, ஆய்வு நிலையத்திலிருந்து.

அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதுதான் அவருக்கு உத்தியோகம். நூறு வருடத்துக்கு முன் முதலாளி எப்படி எழுதினான், வண்டிக்காரன் எப்படி எழுதினான், யார் யாரிடம் எத்தனை தரம் குழைந்தார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பார். ஒரு வரியைக் காட்டினால் எழுதியவன் காலில் செருப்பு உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவார் என்பார்கள். வீட்டில் யாருடைய செருப்பு அறுந்திருக்கிறது என்பது மட்டும் தெரியாது.

அந்தக் குவியலில் எங்கோ அவள் எழுதியவையும் இருந்தன. கல்யாணமான புதிதில் அவர் ஆராய்ச்சி என்று ஆறு வருடம் வெளியூரில் இருந்தார். மாமியாரோடு விடப்பட்ட அவள், தன்னையும் அழைத்துப்போகச் சொல்லி வாரம் ஒரு கடிதம் எழுதினாள். பதில் மூன்று முறை வந்தது. மூன்றாவது, குடையை அனுப்பிவைக்கச் சொல்லி. தன் கடிதங்களில் எழுதியதை அவள் வேறு ஒருவரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வண்டி ஏறுவதற்குள் எடுத்துவிட வேண்டும்.

அலமாரியின் மேல்தட்டு முதலாளிகளுக்கு. நடுத்தட்டு குமாஸ்தா, வாத்தியார் வீடுகளுக்கு. கீழ்த்தட்டு கூலிக்காரர்களுக்கு. செத்து நூறு வருடமானவர்களைக்கூட அவர் தட்டு மாற விட்டதில்லை. ஆய்வாளர் மனைவி என்ற நினைப்பில் நடுத்தட்டில் தேடினாள். இல்லை. ஒரு மரியாதைக்கு மேலேயும் பார்த்தாள். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

'கட்டு 38. பெண். தச்சர் மகள். எட்டாம் வகுப்பு.'

கல்யாணமாகி நாற்பத்தோரு வருடம் ஆகியிருந்தது.

எல்லாக் கடிதத்திலும் சிவப்புப் பென்சில் கோடுகள். குழந்தை வயிற்றிலேயே போனதை எழுதிய கடிதத்தில் ஏழு கோடுகள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தாள்: 'கெஞ்சும் சொற்கள். முதல் வருடம் 212. இரண்டாம் வருடம் 140. நான்காம் வருடம் 31. ஆறாம் வருடம் ஒன்றுமில்லை.' கீழே, அழகான கையெழுத்தில்: 'காரணம் தெரியவில்லை.'

அவள் அதை இரண்டு முறை படித்தாள். இரண்டாவது முறையும் அப்படியேதான் இருந்தது.

கதவு தட்டப்பட்டது. கட்டோடு எழுந்து தாழை நீக்கிவிட்டு, அதை மடியில் வைத்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். சிஷ்யன். ஐம்பத்திரண்டு வயதாகி, தலையில் பாதி வழுக்கையும் விழுந்துவிட்டது; ஆனாலும் சிஷ்யன்தான். துக்கம் விசாரித்துவிட்டு, பெட்டிகளை ஏற்றலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டான். அதற்குள் அவன் கண் அவள் மடிக்குப் போய்விட்டது.

"அம்மா, அதுதாம்மா முக்கியம். ஐயாவோட புஸ்தகத்துல பாதி அந்த முப்பத்தெட்டுதான். எழுதினது யாருன்னு மட்டும் கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல. அவங்க சம்மதம் வேற வாங்கணும்."

"கேட்டாச்சு," என்றாள். "குடுக்க மாட்டாளாம்."

"உயிரோட இருக்காங்களா? நான் வேணா ஒரு தடவை பேசிப் பாக்கட்டுமா?"

"ஆறு வருஷம் பேசினவ. இனிமே பேச மாட்டா."

சிஷ்யன் கட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். பிறகு மேல்தட்டிலிருந்து இறக்க ஆரம்பித்தான்.

இரண்டு வண்டிகளும் ஒன்றாக வந்து சேர்ந்தன. முதலில் பெட்டிகள் தோளில் வெளியே போயின. அப்போதுதான் வந்திறங்கிய தூரத்துச் சொந்தம் ஒருவர், ஒரு பெட்டியைக் கும்பிட்டு அழவே தொடங்கிவிட்டார். யாரும் அவரைத் திருத்தவில்லை.

அவள் கட்டை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தாள். தலைமாட்டிலிருந்த நாத்தனார், அவர் மூக்குக் கண்ணாடி இல்லாமல் இருந்ததே இல்லை, அப்படியே விட்டுவிடலாமா என்று கேட்டாள்.

"கழட்டிடுங்க அண்ணி. படிக்க ஒண்ணும் இல்ல."

நாத்தனார் கழற்றினாள். மூக்கின் இரு பக்கமும் கண்ணாடி அழுத்திய பள்ளம் இன்னும் சிவந்திருந்தது. மடியில் கட்டோடு அவள் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.