பன்னிரண்டாவது ஆணி

அந்த ரேக்கை வண்டியிலிருந்து இறக்கியபோதே டிராக்டர் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. டிராக்டரின் அகலத்துக்கு ஓர் இரும்புச் சட்டம், அதில் வரிசையாக வளைந்த எஃகுப் பற்கள். ராட்சசி ஒருத்தி தலைவாருகிற சீப்பு மாதிரி. பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. அவள் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பள்ளிக்கூடத்தில் அவளுடைய சொந்தப் பெயர் வழக்கொழிந்து பல வருடமாகிறது. மைதானத்தைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பள்ளி வாங்கிக் கொடுத்த சின்ன டிராக்டரில் ஏறி உட்கார்ந்து புல் வெட்டுவாள், மேடு பள்ளம் நிரவுவாள். ஒன்றாம் வகுப்பு வாண்டுகள் முதல் வாத்தியார்கள் வரை எல்லாருக்கும் அவள் டிராக்டர் அக்காதான். தலைமையாசிரியைகூட வாய்தவறி ஒருமுறை அப்படியே கூப்பிட்டுவிட்டார்.

ரேக்கைக் கொண்டுவந்தவன் அவளுடைய கொழுந்தன். கருவிகள் விற்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம். வாயை மூடத் தெரியாதவன் என்பதால் வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். அவ்வளவு பேசியும் மூன்று மாதத்தில் ஒரு மண்வெட்டிப் பிடிகூட விற்கவில்லை. இது மட்டும் போனால் முதலாளி தன்னை மனுஷனாக மதிப்பார் என்று முந்தின நாளே அண்ணியிடம் சொல்லிவைத்திருந்தான். அதுவும் அவள் தலையில் ஒரு சுமை.

"சின்ன டிராக்டருக்குன்னே செஞ்சது அண்ணி. பின்னாடி மாட்டினா போதும், கல்லு, வேரு, குப்பை எல்லாத்தையும் வாரிட்டு வந்துடும். நேரா வெச்சா இழுத்துட்டு வரும். சாய்ச்சு வெச்சா ஓரமா ஒதுக்கிடும். ஒரு தடவை ஓட்டிட்டீங்கன்னா நீங்களே திருப்பித் தர மாட்டீங்க."

"கல்லு சரி. ஆணி வருமா?"

"ஏன் வராது?"

இதுதான் விஷயம். போன வாரம் அடித்த காற்றில் சைக்கிள் கொட்டகையின் கூரை பிய்த்துக்கொண்டு போய்விட்டது. தகடுகள் மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை உருண்டு புரண்டு, போகிற வழியெல்லாம் ஆணிகளை உதிர்த்துவிட்டுப் போயின. கூரையைப் பார்க்க வந்த தச்சர், கண்ணால் ஓட்டைகளை எண்ணிப் பார்த்து, "ஐந்நூறு ஆணியாவது கீழதாம்மா கிடக்கும்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் குனிந்து பொறுக்கியதில் அவளுக்கு இடுப்பு போனதுதான் மிச்சம். கிடைத்தது ஒரு டப்பா அளவுக்குக்கூட இல்லை. இரும்புப் பட்டறை ஒன்றில் இழுவைக் காந்தம் இருக்கிறதாம், கேட்டால் அடுத்த வாரம் தருகிறார்களாம். ஆனால் விளையாட்டு விழா நாளைக்கு. எல்லாப் பிள்ளைகளிடமும் நல்ல காலணி இருக்காது என்பதால் இந்தப் பள்ளியில் ஓட்டப்பந்தயம் வெறுங்காலில்தான்.

போன வருடம் ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியின் பாதத்தில் கம்பித்துண்டு ஏறிவிட்டது. டிராக்டர் அக்காதான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்தப் பெண் அழவில்லை. தோளில் சாய்ந்தபடி, "நீங்க பாக்கலையா அக்கா?" என்று மட்டும் கேட்டாள். கோபமாகக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் கேள்வி இன்னும் அவள் காதைவிட்டுப் போகவில்லை.

அதனால் 'ஏன் வராது' என்பதை நம்பி ஓட்ட அவள் தயாராக இல்லை. முந்தின நாள் அவன் ரேக்கைப் பற்றிச் சொன்னதுமே யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். பன்னிரண்டு கூரை ஆணிகளை எடுத்து, கோல் கம்பத்துக்கு அடிக்கும் சிவப்பு பெயின்டில் தோய்த்து அன்று மாலையே வெயிலில் காய வைத்துவிட்டாள். அதை ரேடியோவின் கையில் கொடுத்தாள்.

"இந்தா. நான் திரும்பி நின்னுக்கறேன். மைதானம் பூரா விசிறிடு. எங்க போட்டேன்னு எனக்குத் தெரியக் கூடாது. இந்தப் பன்னெண்டும் திரும்பி வந்தா உன் ரேக்கை நம்பறேன்."

"பரீட்சையா வெக்கறீங்க?"

"உனக்கு இல்லை. அதுக்கு."

ரேடியோ விதைக்கிறவனைப் போல வீசி வீசிப் போட்டுக்கொண்டு நடந்தான். தனக்கும் எந்த இடம் என்று நினைவிருக்கக் கூடாதாம், அப்போதுதான் நியாயமாம். இதில் எல்லாம் அவனுக்குக் குறைச்சல் இல்லை.

காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தாள். பிள்ளைகள் வந்த பிறகும் யாரும் வகுப்பைவிட்டு வெளியே வரக் கூடாது என்று உத்தரவு. சின்ன இன்ஜின் முக்காமல் முனகாமல்தான் இழுத்தது. முதலில் பற்கள் மண்ணைக் கடித்துக்கொண்டு ஆழமாகப் போயின. இறங்கி, டிராக்டரோடு ரேக்கைப் பிணைக்கும் மேல்கம்பியைத் திருகிச் சரிசெய்ததும் மேலாக வாரத் தொடங்கின. கல்லெல்லாம் கடகடவென்று உருண்டு கூடின. நீளவாக்கில் ஒரு முறை, குறுக்குவாக்கில் ஒரு முறை. ஓரத்தில் சேர்ந்த குவியல்களை இருவரும் உட்கார்ந்து சல்லடையில் சலித்தார்கள். துருப்பிடித்த ஆணிகள் முக்கால் வாளி நிறைந்தன. அவ்வளவும் இத்தனை நாள் பிள்ளைகள் காலடியில் கிடந்திருக்கிறது.

சிவப்பு ஆணிகளைத் தனியே ஒரு மூடியில் போட்டுக்கொண்டே வந்தாள். ஏழு. எட்டு. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஒன்பது. கடைசிக் குவியலில் இரண்டு. ஆக மொத்தம் பதினொன்று.

"பாத்தீங்களா!" ரேடியோவுக்கு வாயெல்லாம் பல். "பன்னெண்டுக்குப் பதினொண்ணு! இதுக்கு மேல என்ன வேணும்?"

அவள் மண்ணில் குத்தவைத்து உட்கார்ந்தாள். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கணக்குப் போட்டாள். கணக்கு அவளுக்கு அவ்வளவாக வராது. இரண்டு முறை அழித்து எழுதினாள். பன்னிரண்டில் ஒன்று தப்புகிறது என்றால், ஐந்நூறில்? நாற்பதுக்கு மேல். நாற்பது ஆணி. அதுவும் எங்கே என்று யாருக்கும் தெரியாத நாற்பது.

அது போதாதென்று இன்னொன்று இப்போதுதான் உறைத்தது. அந்த நாற்பதும் காற்று போட்டது. பன்னிரண்டாவது சிவப்பு ஆணியைப் போட்டது காற்றல்ல, அவளேதான். மைதானத்தைச் சுத்தம் செய்ய வந்தவள் புத்திசாலித்தனமாக இன்னொரு ஆணியை உள்ளே விதைத்திருக்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வது?

"தேடு" என்றாள்.

தேடினார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, அடிமேல் அடிவைத்து. சிவப்பாகத் தெரிந்த இடத்திலெல்லாம் குனிந்தார்கள்: ஒரு செங்கல் துணுக்கு, ஒரு பென்சிலின் வால், யாரோ ஒரு வாண்டின் சட்டைப் பொத்தான். மணி ஒன்றாகி, ஒன்றரையானது. மூன்று மணிக்குத் தலைமையாசிரியையிடம் பதில் சொல்லியாக வேண்டும். வகுப்பு ஜன்னல்களில் பிள்ளைகள் முகத்தைப் பதித்துக்கொண்டு கையாட்டினார்கள். அவளுக்குத் திருப்பிக் கையாட்டத் தோன்றவில்லை.

"தொண்டை காயுது அண்ணி, தண்ணி குடிச்சுட்டு வந்துடறேன்" என்று ரேடியோ கருவி அறைப் பக்கம் போனான். போனவன் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தான். வந்து கொட்டகைப் பக்கம் குனிந்து நிமிர்ந்தவன் திடீரென்று கத்தினான்.

"அண்ணி! கிடைச்சுடுச்சு! இங்கதான், புல்லுக்குள்ள!"

அவள் ஓடினாள். அந்த வயதில் அந்தச் சேலையோடு அப்படி ஓடியிருக்க வேண்டியதில்லை. ஓடும்போதே மனசு லேசாகிவிட்டது. ரேக் எடுக்கவில்லை, சரி, கண்ணாவது எடுத்ததே. ரேடியோ இரண்டு விரலால் ஆணியை நீட்டினான். வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் அழுத்தி மண்ணைத் துடைத்தாள்.

விரலில் சிவப்பு ஒட்டிக்கொண்டது.

அவள் விரலைப் பார்த்தாள். நேற்று மாலை காயவைத்த பெயின்ட் இன்றைக்கு ஒட்டாது. கருவி அறை ஜன்னலில் அந்தப் பெயின்ட் டப்பா இருக்கிறது, பக்கத்தில் மீதி ஆணிகளும் இருக்கின்றன. ரேடியோவும் அவள் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய விரல் நுனியும் சிவந்திருந்தது. அதைக் கால்சட்டையில் துடைக்கப் பார்த்தான்.

"நீங்க தவிக்கறதைப் பாக்க முடியல அண்ணி" என்றான். "ஒரே ஒரு ஆணிதானே."

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. அவள் வைக்கவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"உன் பொண்ணு நாளைக்கு எந்தக் கோட்டுல ஓடறா?"

ரேடியோவின் மகள் இரண்டாம் வகுப்பு. பத்து நாளாகச் சித்தப்பா வீடு, பெரியம்மா வீடு என்று பாராமல் எல்லார் வீட்டு வாசலிலும் ஓடிப் பழகிக்கொண்டிருந்தாள்.

"மூணாவது" என்றான் அவன்.  ஓடுபாதையில் ரேக் வாரியதில் பாதி அழிந்துபோன மூன்றாவது சுண்ணாம்புக் கோட்டைத் திரும்பிப் பார்த்தான். அப்படியே அதன்மேல் போய் உட்கார்ந்து, மண்ணை விரலால் கிளற ஆரம்பித்தான்.

"எழுந்திரு" என்றாள் அவள். "அப்படிக் கிளறினா ஒரு வருஷம் ஆகும். வா."

தலைமையாசிரியை மேசை நிறையப் பரிசுக் கோப்பைகளை அடுக்கிவைத்திருந்தார். அவற்றைத் தாண்டி எட்டிப் பார்த்து, "முடிஞ்சுதா? மைதானத்தைத் திறந்துடலாமா?" என்றார்.

"திறக்கக் கூடாது மேடம்."

"காலையிலேர்ந்து ஓட்டிட்டிருந்தீங்களே?"

"ஓட்டினதாலதான் தெரிஞ்சுது." அவள் முழுவதையும் சொன்னாள். சிவப்பு ஆணியைத் தானே போட்டதையும் சொன்னாள்.  ரேடியோ புதிதாகப் பெயின்ட் பூசிக் கொண்டுவந்த ஆணி விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. "தெரிஞ்சு கிடக்கறது ஒண்ணு மேடம். தெரியாம நாப்பது இருக்கும்."

"இருக்கும்னு ஒரு கணக்கு. அதை வெச்சு அத்தனை வீட்டுக்கும் போன் பண்ணச் சொல்றீங்க." தலைமையாசிரியை ரேடியோவின் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. உங்க சாமான்தானே. நம்பலாமா, கூடாதா?"

மூன்று மாதத்தில் வாங்குகிறவர் ஒருவர் அவனிடம் நேராகக் கேட்ட முதல் கேள்வி. 

"கல்லுக்கு நம்பலாம் மேடம். மண்ணை நிரவ, குப்பை வார, இதைவிட நல்லது கிடையாது. ஆணிக்கு நம்பாதீங்க. பல்லு நடுவுல நழுவிடுது. என் பொண்ணை நான் விட மாட்டேன்."

தலைமையாசிரியை வீட்டு எண்கள் இருந்த பதிவேட்டை எடுத்தார். பிறகு போனைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, கோப்பைகளை ஒவ்வொன்றாக அலமாரியில் வைக்கச் சொன்னார். டிராக்டர் அக்கா எடுத்து வைத்த கோப்பைகளிலெல்லாம் கட்டைவிரல் அளவுக்குச் சிவப்பு ஒட்டிக்கொண்டது. சேலைத் தலைப்பால் துடைத்துத் துடைத்து வைத்தாள்.

அடுத்த வாரம் காந்தம் வந்தது. டிராக்டருக்குப் பின்னால் அதைக் கட்டி நாள் முழுக்க ஓட்டினாள். ரேக் ஏற்கெனவே மண்ணைக் கிளறி வைத்திருந்ததால் வேலை சுலபமாகத்தான் இருந்தது. அதைத் தலைமையாசிரியையிடம் சொன்னாள். ரேக் பள்ளியிலேயே இருக்கட்டும் என்று அவரும் சொல்லிவிட்டார். அந்தச் செய்தியைக் கேட்டும் ரேடியோவின் கை ஓயவில்லை. காந்தத்தில் ஒட்டியிருந்த ஆணிகளைப் பிடுங்கி ஒரு சாக்கின்மேல் பரப்பிக்கொண்டிருந்தான். துருப்பிடித்தவை முப்பத்தெட்டு. அப்புறம், பிள்ளைகள் வரிசையில் நின்று தண்ணீர் குடிக்கும் குழாயடியிலிருந்து, ஒரு சிவப்பு. அதை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தான். ஒட்டவில்லை.

"மூணாவது கோட்டுல ஏதாவது இருந்துச்சா அண்ணி?" என்று தலை நிமிராமல் கேட்டான்.

அந்தக் கோட்டில் கிடைத்தவற்றை அவள் தனியாக எண்ணிவைத்திருந்தாள். ஆனால் இன்ஜினை அணைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.